ஏழாம் எண் பொத்தான்

உருளைக்கிழங்கை ஆதில் எடுத்துக்கொண்டான்.
பஞ்சில் முளைக்கும் பயறு இரண்டு பேருக்கு.
எரிமலை உயிரியலே இல்லை என்று
ஷைலஜா மிஸ் நான்கு முறை சொல்லிவிட்டார்.
கல்பா கழிமுகத்தில் அலையாத்தி இலைகள்
உப்பைப் பூப்பதைப் பார்க்க எனக்கு ஆசை.
கம்பெனி வண்டி, டயர் வேறு சரியில்லை
என்றார் வாப்பா.
படிவத்தில் தலைப்பு என்ற கட்டம்
மூன்று நாளாய் வெள்ளையாய்க் கிடந்தது.

ஷார்ஜா நஹ்தாவில் எங்கள் கட்டடத்துக்குப் பதினான்கு மாடி,
ஓடுகிற லிஃப்ட் ஒன்று.
ஒரு மாலை 1203 ஆன்ட்டி
டிஷ்யூவைச் சுற்றிய விரலால் பொத்தானை அமுக்கினார்.
"பேச்சலர்ஸ் தொட்டிருப்பாங்க" என்றார் என்னிடம்,
நானும் ஒரு பெரிய மனுஷி என்பதுபோல.

கிடைத்துவிட்டது தலைப்பு.

நோன்புக்கு வாங்கி மிச்சமிருந்த கடற்பாசியைக் கேட்டேன்.
"ரோஸ் மில்க் ஊத்தவா?" என்றார் உம்மா.
"வேணாம், கிருமி வளர்க்க" என்றேன்.
கோழி சூப் கட்டி ஒன்று, சீனி ஒரு சிட்டிகை.
அந்தச் சட்டியை அதற்குப் பிறகு
அவர் அடுப்பில் ஏற்றவேயில்லை.

பதினான்கு கிண்ணம், பதினான்கு பஞ்சுக்குச்சி,
ஏசி படாத அலமாரி.
மூன்றாம் நாள் பார்த்தேன்:
நான்கில் மஞ்சள் புள்ளிகள்,
பன்னிரண்டில் வெள்ளையாய் ஒரு பூனை ரோமம்,
எங்கள் ஒன்பதில் என்ன இருந்தது என்று
சொல்லப்போவதில்லை.
ஏழில் மட்டும்
கடற்பாசி கடற்பாசியாகவே இருந்தது.
கரண்டி போட்டுச் சாப்பிடலாம்.

பிழை, மறுபடி எடு என்றார் மிஸ்.
மறுபடி எடுத்தேன். மறுபடி கண்ணாடி.

எனவே ஏழை அமுக்கினேன்.
(ஆங்கிலத்தில்தான் குறிப்பெடுப்பேன்.
தமிழில் இந்த வரியை எழுதிய பிறகு
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

கதவு திறந்தது. ஈர சோப்பு வாசனை.
சுவரோரமாய் சிமென்ட் காய்ந்த பூட்ஸுகள்.
அந்த மாடியின் மூன்று வீடும் ஒரே கம்பெனிக்கு.
அரிசி களைந்த தண்ணீரோடு நின்றவர் பெயர் சிங்காரவேலு.
"லிஃப்டா? எங்களுக்குப் படிதான் பாப்பா.
கீழே தாள் ஒட்டியிருக்காங்களே."

தினமும் கடந்துபோகிற தாள்.
வேலை உடையில் வருவோர் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.
கீழே பதினோரு கையெழுத்து.
மூன்றாவதின் அடியில்
என் ரிப்போர்ட் கார்டிலெல்லாம் இருக்கிற
அதே இரண்டு புள்ளி.

அன்று இரவு வீட்டில் நான் ஒன்றும் கேட்கவில்லை.
கட்டத்தில் இருந்ததை ரப்பரால் அழித்தேன்,
தாள் கிழியாத அளவுக்கு.
புதிதாக எழுதினேன்:
ஏழு மாடிப் படியும் நாடித்துடிப்பும்.
மாதிரி: இருபத்திரண்டு பேர், சம்மதித்தால்.
ஒப்பீட்டுக்கு: உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர், வயது 44.

"பொம்பளப் புள்ள அந்த மாடிக்கா?" என்றார் உம்மா.
இரண்டு நாள் பேச்சுவார்த்தை.
முடிவில் படிக்கட்டில் வைத்து மட்டும்,
அதுவும் வாப்பா கூடவே நிற்க வேண்டும்.

பன்னிரண்டு மணி நேர வேலை, பிறகு நூற்று இருபத்தாறு படி.
சிங்காரவேலு மணிக்கட்டை நீட்டினார்,
அதற்குமுன் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு.
நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு நிமிடம் கழித்து எண்பத்து நான்கு.
"போதுமா பாப்பா? தண்ணி நின்னுடும், குளிக்கணும்."
வாப்பா ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒப்பீடு.
நான்காவது மாடிவரை பேசிக்கொண்டே வந்தது.
ஐந்தில் கைப்பிடியைப் பற்றியது.
ஆறு தாண்டி, எண் எழுதாத திருப்பத்தில்,
யாரோ காயப்போட்ட துண்டின் கீழே
உட்கார்ந்துவிட்டது.

மேலே ஒரு கதவு திறந்து, ஒருவர்
தண்ணீர் பாட்டிலோடு இரண்டு படி இறங்கி நின்றார்.
நான் மண்டியிட்டு விரல் வைத்தேன்.
பயறு முளைப்பதைப்போல இல்லை,
எவ்வளவு வேகம்.
வாப்பா என்னையும் அவரையும் பார்த்து
ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க வாப்பா," என்றேன்,
"எண்ணுறது தப்பிப்போகும்."